விடுபட்ட எண்

பன்னிரண்டு அப்பங்களைப் பங்கிடுவது எளிது. இருவர் வந்தாலும், மூவர் வந்தாலும், நால்வரோ அறுவரோ வந்தாலும் மிச்சமின்றிக் கொடுக்கலாம். 1, 2, 3, 4, 6, 12 என அதற்குக் காரணிகள் ஆறு. பன்னிரண்டுக்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

இவ்வாறு, தம்மினும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான காரணிகள் கொண்ட எண்களைக் கணித மேதை இராமானுஜன் ஆராய்ந்தார். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, 1914-இல் இங்கிலாந்து சென்ற அவர், 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் அத்தகைய எண்கள் 102-ஐ வரிசைப்படுத்தினார். கணிப்பொறி இல்லாத காலம் அது. அவ்வரிசையின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதன் காரணிகள் 10,080!

ஆனால் இடையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600. 2 முதல் 19 வரையுள்ள பகா எண்கள் எட்டையும் தன்னுள் கொண்டது. 5,040 காரணிகளை உடையது. அடுத்த பகா எண்ணாகிய 23-ஆல் அதைப் பெருக்கினால் கிடைப்பதே பட்டியலின் கடைசி எண். பட்டியலில் இடம்பெறாவிட்டாலும் அதன் காரணிகளில் ஒன்றேனும் குறையவில்லை. குறை பட்டியலுக்கே.

இதை அறிந்தபோது என் மனம் பழைய காயம் ஒன்றைத் தொட்டது. ஆவடிக்கு அருகில் நான் பங்குப் பணியாற்றிய காலத்தில், குடும்பப் பதிவேட்டைப் புதுப்பித்தோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்து, வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் அங்கே பல. அன்பியவாரியாகப் பெயர்களைச் சேர்த்து முடித்து, "சரிபார்க்கப்பட்டது" என்று கையொப்பமிட்டேன். சில திங்களுக்குப் பின் ஓர் இளைஞர் தம் தாயின் அடக்கத்துக்காக வந்தார். ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. "அம்மா ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார், சாமி. ஒவ்வொரு முதல் வெள்ளியும் நன்மை வாங்கக் காத்திருந்தார்" என்றார். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்ல நான் அந்தத் தெரு வழியாகத்தான் சென்றிருந்தேன். கையிலிருந்த பட்டியலைப் பார்த்துச் சென்றேன், கதவுகளைப் பார்க்கவில்லை.

ஆண்டவரின் திருமுன் அந்தத் தாய்க்குரிய இடம் என் ஏட்டினால் குறைந்திராது. ஆனால் அவர் காத்திருந்த வெள்ளிக்கிழமைகளை நான் திருப்பித் தர இயலாது. லூக்கா நற்செய்தியின் ஆயன் தொண்ணூற்றொன்பதோடு நிறைவடையவில்லை. தன் கணக்கு ஏறக்குறையச் சரி என்று அவன் தேறுதல் கொள்ளவுமில்லை.

இப்போதெல்லாம் பட்டியல் எதிலும் கையொப்பமிடுமுன், ஞாயிறு திருப்பலியின் முடிவில் இறைமக்களிடம் ஒன்று கேட்கிறேன்: "உங்கள் தெருவில் யாருடைய பெயர் இதில் இல்லை?" அன்பார்ந்த வாசகரே, உங்கள் தெருவிலும் ஒருவர் காத்திருக்கலாம். பங்குத் தந்தைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்களே சென்று கதவைத் தட்டுங்கள்.