நகைக்கடையில் ஓடும் என் சீட்டு

வேலைக்குச் சேர்ந்த வருடம் அம்மா சொன்னார்: "சம்பளம் வந்ததும் முதல்ல நகைச் சீட்டைக் கட்டிடு." அன்றிலிருந்து ஊரில் ஏதாவது ஒரு நகைக்கடையில் என் பெயரில் சீட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வங்கியில் ஆர்.டி. போட்டால் வட்டி வரும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் நகைக்கடையில் "வாங்கக்கா, உட்காருங்க" என்பார்கள். காபி வரும், பிறந்தநாளுக்குப் போனில் வாழ்த்து வரும். இப்போது பெரிய கடைகளெல்லாம் பல ஊர்களில் கிளை திறந்துவிட்டன. எந்தக் கிளையிலும் கட்டலாம், ஆப்பிலும் கட்டலாம். மரியாதை கிடைக்கிற இடத்தில் பணத்தைக் கொடுக்க மனசு வருகிறது. எங்கள் தெருப் பெண்கள் பலருக்கும் முதல் சேமிப்புப் பழக்கத்தைக் கொடுத்தது வங்கி இல்லை, நகைக்கடைதான்.

பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் மகள் கல்யாணத்துக்காகக் கட்டிவந்தார். ஒரு நாள் அந்தக் கடை ஷட்டரை இறக்கியவர்கள் பிறகு திறக்கவே இல்லை. பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் சீட்டுப் புத்தகத்தின் பின்பக்க விதிமுறைகளை முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். எங்கேயும் சேமிப்பு என்ற சொல் இல்லை. நகை வாங்கக் கொடுத்த முன்பணம் என்றுதான் இருந்தது.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. நிறுவனங்கள் வாங்கும் வைப்புத்தொகை பற்றி 2014-ல் வந்த விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது. முன்பு ஒன்றரை வருடம் ஓடிய திட்டங்களும் இருந்தன. அவை 11 மாதத்துக்குள் சுருங்கியதற்குக் காரணம் இதுதான். வங்கி முடங்கினால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020-ல் அதை ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். நகைச் சீட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. கடை நொடித்தால், ஈடு எதுவும் வாங்காமல் கடன் கொடுத்தவர்களோடுதான் நாமும் நிற்க வேண்டும்.

லாபக் கணக்கையும் அன்றே போட்டுப் பார்த்தேன். மாதம் 5,000 வீதம் 11 மாதம் கட்டினால் 55,000. அதற்குக் கடை தருவது பெரும்பாலும் சேதாரத்தில் தள்ளுபடி. ஆனால் சேதாரம் எத்தனை சதவீதம் என்று வைப்பதும் அந்தக் கடைதான். 18 சதவீதம் வரை தள்ளுபடி என்றால், நமக்குப் பிடித்த நெக்லஸுக்கு 22 போட்டிருப்பார்கள். மீதி 4 நம் கையிலிருந்து போகும். 3 சதவீத ஜி.எஸ்.டி. தனி. பணமாகத் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். வேறு கடையில் நல்ல டிசைன் இருந்தாலும் போக வழியில்லை.

சீட்டை நான் விட்டுவிடவில்லை. தங்க விலை ஏறுகிற காலத்தில், அன்றன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கிற திட்டம் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரிக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே சீட்டு. அதுவும் அந்த வருடம் நிச்சயம் வாங்கப்போகிற நகைக்கு மட்டும். மகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்குமான பணம் வங்கியிலும் அஞ்சலகத்திலும் இருக்கிறது. 11 மாதம் முடிந்ததும் நகையை வாங்கிவிடுவேன். முதிர்ந்த பணத்தைக் கடையிலேயே விட்டுவைப்பதில்லை.

இப்போது சீட்டுச் சேரப் போகிற பெண்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். பணமாக வரவு வைப்பீர்களா, கிராமாகவா? சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை? இடையில் நிறுத்தினால் என்ன கிடைக்கும்? பதிலை எழுத்தில் தருகிற கடையில் கட்டுங்கள். அன்பாகப் பேசுகிற கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் கடை மூடும் நாளில் அந்த அன்பை வைத்து நம் பணத்தை மீட்க முடியாது.