கூச்சத்தால் வந்த காய்ச்சல்

சகோதரிகளே, பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் நான் துன்பப்பட்டதே அந்தக் கூச்சத்தால்தான்.

தலைப்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தபோது, தாப்பா பாசார் மாலாமில் அளவு கேட்க வெட்கப்பட்டுக் கைக்கு அகப்பட்ட பிராவை வாங்கி வந்தேன். அடியில் கம்பி, ஒரே இறுக்கம். பிள்ளை பிறந்த பத்தாம் நாள் ஒரு பக்கம் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது. டின் பாலுக்கு மாறிவிட நினைத்தேன். கிளினிக் மிஸ்ஸிதான், "பால் கொடுப்பதை நிறுத்தாதேம்மா, அந்தப் பிராவை மாற்று" என்றார்.

அவர் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் மார்போடு விலாவும் விரியும். பழைய அளவு உதவாது. பால் கொடுப்பதற்கான பிராவை 36 வாரம் ஆனதும் புதிதாக அளவெடுத்து வாங்குங்கள். பருத்தித் துணி, அகலமான தோள்பட்டை, கம்பியில்லாத அடிப்பகுதி, ஒரு கையால் திறக்கும் கொக்கி வேண்டும். முதுகில் கடைசிக் கொக்கியில் பொருந்தட்டும். பிரசவத்துக்குப் பின் உடம்பு சுருங்கும்போது உள்கொக்கிக்கு மாற்றலாம். பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பால் ஊறும்போது நிறைய, முன்பக்கம் சற்று இடம் இருக்கட்டும். கழற்றியதும் தோலில் சிவந்த தடம் தெரிந்தால் அது உங்கள் அளவல்ல.

பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அத்தனை நாளும் உடம்போடு கிடக்கும் துணிக்கு அளவு கேட்பதில் என்ன வெட்கம்?