கல்லறையால் பிழைத்த தேவாலயம்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், கேன்டர்பரிப் பேராயரின் இல்லமான லாம்பெத் அரண்மனையை ஒட்டி நிற்கும் புனித மரியாள் தேவாலயம், பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரத்தையும் 1850களின் தொடக்கத்தில் பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்ட மண்டபத்தையும் உடையது. வழிபடுவோர் அருகிவிட்ட கோயில்களை இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி வழிபாட்டிலிருந்து விலக்கிவிடுவதுண்டு. 1972இல் அவ்வாறு கைவிடப்பட்ட இக்கோயில், சில ஆண்டுகளிலேயே இடிக்கப்படும் நிலைக்கு வந்தது.

அதனைக் காத்தது அதன் முற்றத்திலிருந்த ஒரு கல்லறை. டிரேட்ஸ்கண்ட் குடும்பத்தாரின் அக்கல்லறையைக் காண 1976இல் வந்த ரோஸ்மேரி நிக்கல்சனும் அவர் கணவர் ஜானும், கட்டடத்தின் நிலை கண்டு வருந்தி, மறு ஆண்டே அதனைத் தோட்ட வரலாற்று அருங்காட்சியகமாக்கும் பணியில் இறங்கினர். ஜான் என்னும் ஒரே பெயர் கொண்ட டிரேட்ஸ்கண்ட் தந்தையும் மகனும், பதினேழாம் நூற்றாண்டில் அரச குடும்பத்துக்குத் தோட்டம் அமைத்தவர்கள். தொலைநாடுகளிலிருந்து செடிகளையும் அரும்பொருள்களையும் திரட்டி, லாம்பெத்தில் தம் வீட்டிலேயே ‘பேழை’ என்ற பெயரில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் காணும்படி வைத்திருந்தவர்கள். அத்தொகுப்பு பின்னர் எலியாஸ் ஆஷ்மோலின் கைக்குச் சென்று, ஆக்ஸ்போர்டில் 1683இல் திறக்கப்பட்ட ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு அடிப்படையாயிற்று. ஆஷ்மோலும் இக்கோயிலிலேயே அடக்கமானார். பிரிட்டனின் அருங்காட்சியக மரபைத் தொடங்கிவைத்தோர் துயிலும் இடத்தில் ஓர் அருங்காட்சியகம் எழுந்ததைவிடப் பொருத்தமான மறுபயன் ஒரு பழங்கோயிலுக்கு அமைவது அரிது.

சீமைப்பலா என்றும் ஈழத்தில் ஈரப்பலா என்றும் தமிழர் அறிந்த மரத்தின் கன்றுகளை 1793இல் மேற்கிந்தியத் தீவுகளில் சேர்த்தவரும், அதற்கு முந்தைய பயணத்தில் மாலுமிகளின் கிளர்ச்சியால் ‘பவுண்டி’ கப்பலை இழந்தவருமான வில்லியம் பிளையும் இம்முற்றத்திலேயே அடக்கமாகியுள்ளார். அவர் கல்லறை, லாம்பெத்திலேயே சுட்டுச் செய்யப்பட்ட கோட் கல் என்னும் செயற்கைக் கல்லாலானது.

கட்டடத்தை மாற்றியமைத்த முறையும் பாராட்டுக்குரியது. 2008இல் உள்ளே எழுப்பப்பட்ட காட்சிக்கூடம், பழஞ்சுவர்களைச் சாராமல் தனித்து நிற்கும் மரக்கட்டுமானம் ஆதலால், வேண்டும்போது கல்லுக்குச் சேதமின்றி அகற்றிவிடலாம். 2017இல் நிறைவுற்ற விரிவாக்கத்தின்போது, பீடப்பகுதியின் தளத்துக்கு அடியில் மறைந்திருந்த நிலவறையில் முப்பது ஈயச் சவப்பெட்டிகள் தென்பட்டன. ஒன்றின் மேல் பேராயருக்குரிய பொன்முலாம் பூசிய முடி இருந்தது, மற்றொன்றின் பெயர்த்தகடு 1805இல் இறந்த பேராயர் ஜான் மூரைக் குறித்தது. அவற்றைக் காட்சிப்பொருளாக்க மேலே கொணராமல், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டனர்.