கவிழ்த்து வைத்த துரும்பு

எங்கட ஊர்ப்பக்கம் 304 விளையாடத் தெரியாத ஆளைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம். செத்த வீட்டில் இரவு முழிக்கவும், கரண்ட் இல்லாத பின்னேரத்தைப் போக்காட்டவும் நாங்கள் படித்த முதல் கணக்கு அதுதான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு இனத்தையும் கூட்டினால் 304.

தாள்களின் பெறுமதி எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: துரும்பு எது? முதல் நாலு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டு வென்றவர் ஒரு தாளைக் கவிழ்த்து வைக்கிறார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய சோடிக்குக்கூடத் தெரியாது. மற்ற மூன்று பேரும் அவர் எவ்வளவுக்குக் கேட்டார், எதை முதலில் இறக்கினார், எந்த இடத்தில் யோசித்தார் என்று பார்த்துப் பார்த்து ஊகிக்கவேணும். ஆட்டத்தின் சுவையே அந்த ஊகத்தில்தான் இருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் வெட்டின உடனே துரும்பு நிமிர்ந்துவிடும். அதுக்குப் பிறகு அது இரகசியம் இல்லை, இன்னொரு தாள், அவ்வளவுதான். இரகசியத்தைப் பயன்படுத்துற அந்தக் கணத்திலேயே அது செலவாகிப் போகுது.

இதே கணக்கை ஒரு பந்துவீச்சாளரின் கதையிலும் பார்க்கலாம். 2008இல் அஜந்த மெண்டிஸ் இலங்கை அணிக்குள் வந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். எங்கட பக்கம் யுத்த காலம். அவர் பந்துவீசினதைப் பல வருடம் கழித்து யூரியூப்பில்தான் வடிவாகப் பார்த்தோம். நடுவிரலை மடக்கி, கரம் விளையாட்டில் காயைச் சுண்டுற மாதிரிப் பந்தைச் சுண்டிவிடுவார். அதே கையால் ஓஃப் பிரேக்கும் வரும், கூக்ளியும் வரும். எது வருகுது என்று துடுப்பாட்டக்காரருக்குப் பிடிபடாது.

அந்த வருட ஆசியக் கிண்ணத்தில், இறுதிப் போட்டிக்கு முன்னர் இலங்கையும் இந்தியாவும் ஒருமுறை மோதின. அந்தப் போட்டியில் மெண்டிஸ் விளையாடவில்லை. இந்தியா வென்றது. பிறகு ஜூலை 6ஆம் திகதி கராச்சியில் இறுதிப் போட்டி. இந்திய வீரர்கள் அவரை முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தது அன்றைக்குத்தான். 273 ஓட்டங்களைத் துரத்தி வேகமாக அடித்துக்கொண்டிருந்த செவாக் அவருடைய முதல் ஓவரிலேயே ஸ்டம்ப்ட். அதே ஓவரில் யுவராஜ் சிங்கும் போல்ட். 8 ஓவர், 13 ஓட்டம், 6 விக்கெட். இந்தியா 173க்குச் சுருண்டது.

அவரை மறைத்து வைத்தார்களா, ஓய்வு கொடுத்தார்களா என்று வாதாடிக்கொண்டிருக்கலாம். விளைவு ஒன்றுதான்: துரும்பு கவிழ்ந்தபடியே இறுதிப் போட்டிக்கு வந்தது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கோ. அவர் மற்ற அணிகளுக்கு எதிராக வீசினதை இந்திய வீரர்கள் ரி.வி.யில் பார்க்கேலாமல் இருக்கவில்லை. ஆனால் பார்ப்பது வேறு, எதிர்கொள்வது வேறு. எதிராளியைப் பற்றிய தகவல் மூளைக்கு வந்தால் போதாது, அது கைக்கும் காலுக்கும் இறங்கவேணும். அதுக்கு நேரம் வேணும்.

அந்த நேரம் கிடைக்கத் தொடங்கியது. அதே மாதமே ரெஸ்ட் தொடர் ஆரம்பமானது. மூன்று போட்டிகளில் மெண்டிஸ் 26 விக்கெட் எடுத்தார். ஆனால் அதே தொடரில், காலியில், செவாக் ஆட்டமிழக்காமல் 201 அடித்தார். அந்தப் போட்டியில் இந்தியாவே வென்றது. 2009 நவம்பரில் இரண்டு அணியும் கான்பூரில் சந்தித்தபோது, மெண்டிஸும் முரளியும் பந்துவீசியும் இந்தியா 642 ஓட்டங்கள் குவித்தது. காயங்களும் அவரை வாட்டின, உண்மைதான். ஆனாலும் விரல் மடங்குவதைப் பார்த்துப் பந்தைக் கண்டுபிடிக்கப் பலரும் பழகிவிட்டார்கள். துரும்பு நிமிர்ந்துவிட்டது.

இந்தக் கதை எங்களுக்கு வெறும் கிரிக்கெட் கதை இல்லை. போன வருடம் எங்கட கழகத்துக்கும் இதே பிரச்சினை வந்தது. ஊர்களுக்கிடையிலான மென்பந்துச் சுற்றுப்போட்டி. எங்களிடம் 16 வயதுத் தம்பி ஒருவன், விரலால் சுண்டிப் பந்துவீசுறவன். இறுதிவரைக்கும் அவனை இறக்காமல் வைப்பமோ? பாதிப் பேர் ஓம் என்றார்கள். மிச்சப் பேர் கேட்டது: "அரையிறுதியில தோத்தா, ஒளிச்சு வைச்சு என்ன பிரயோசனம்?" அவன் ஒரு மூலையில் இருந்து ஒன்றும் கதைக்காமல் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். ஒரு வருடமாய் இந்தப் போட்டிக்காகத்தான் அவன் காத்திருந்தவன். துரும்புத் தாளுக்கு மனம் இல்லை, கவிழ்த்து வைக்கலாம். ஆளைக் கவிழ்த்து வைக்கேக்க, அந்த விலையை அந்த ஆள்தான் கொடுக்கிறான்.

கடைசியில் ஒருவர் சொன்ன கதைதான் முடிவெடுத்தது: "அவங்கட விக்கெட் கீப்பர் இவனோடதானே ஒவ்வொரு நாளும் ரியூசனுக்குப் போறான். அவனுக்குத் தெரியாததையோ நாங்க ஒளிக்கப் போறம்?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். பக்கத்துப் பக்கத்து ஊர். மச்சான்மார், ஒரே பள்ளிக்கூடம். இங்கே ஒருவரிடமும் இரகசியம் இல்லை. தம்பி முதல் போட்டியிலேயே பந்துவீசினான்.

இறுதிப் போட்டியில்தான் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவனை நன்றாகத் தெரிந்த எதிரணி, அவனை அடிக்கக்கூடாது, மறிக்கவேணும் என்று முன்னமே முடிவெடுத்து வந்திருந்தது. அது முதல் நாலு பந்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. இவனை மறித்தால், மற்றப் பக்கம்தான் அடிக்க வருவார்கள். உடனே மற்றப் பக்கத்தில் எங்கட ஆக மெதுவான பந்துவீச்சாளரைப் போட்டு, எல்லைக்கோட்டில் ஆட்களை நிறுத்தினோம். தம்பிக்குக் கிடைத்தது ஒரு விக்கெட். அடிக்கப் போய் எல்லைக்கோட்டில் பிடிபட்டவர்கள் நாலு பேர். 6 ஓட்டத்தால் வென்றோம்.

எங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய தகவலே எங்கட தகவலாக மாறிவிட்டது. ஆனால் இதுவும் ஒருமுறைதான் வெட்டும். அடுத்த வருடம் அவர்கள் வேறு கணக்கோடுதான் வருவார்கள்.

அப்படியென்றால் எது செலவாகாது? முத்தையா முரளிதரனைப் பாருங்கோ. 1992இலிருந்து 2010 வரை 133 ரெஸ்ட் போட்டிகள். அவருடைய ஓஃப் பிரேக், தூஸ்ரா, மணிக்கட்டு, முழங்கை, கண் முழி எல்லாவற்றையும் உலகமே வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. கவிழ்த்து வைக்க அவரிடம் ஒரு தாளும் மிச்சம் இருக்கவில்லை. கடைசிப் போட்டிக்குக் காலியில் இறங்கினபோது அவருக்கு எத்தனை விக்கெட் தேவை என்பதும் எதிரில் நின்ற இந்தியருக்குத் தெரியும்: எட்டு. எட்டையும் எடுத்தார். 800ஆவது விக்கெட், ரெஸ்ட் போட்டியில் அவர் வீசின கடைசிப் பந்து.

எதிராளியைப் படிக்கத்தான் வேணும். அவன் எங்களை எவ்வளவு படித்திருக்கிறான் என்பதையும் படிக்கவேணும். ஆனால் இப்ப தம்பி ஒவ்வொரு பின்னேரமும், கீப்பர் பெடியன் மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அதே பந்தைத்தான் ஒற்றை ஸ்டம்புக்குத் திரும்பத் திரும்ப வீசிக்கொண்டிருக்கிறான். பார்க்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.