கறுப்பு எங்கே போயிற்று?

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

கார் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது வண்ணத்தை. ஆனால் காரின் வயதைக் காட்டிக்கொடுப்பது வண்ணமன்று. பம்பரும், பக்கக் கண்ணாடியின் கூடும், கதவோரப் பட்டையும் ஆகிய கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளே. பல கோடைகளை வெயிலிலேயே கழித்த காரைப் பாருங்கள். உடம்பு பளபளக்கும், பம்பரோ திருநீறு பூசியதுபோல் வெளிறி நிற்கும். அம்பாசிடர் காருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பம்பர் குரோமியம் பூசிய எஃகு, துருப்பிடிக்குமேயன்றி வெளுக்காது. 1983இல் வந்து 2014 வரை தயாரான மாருதி 800 போன்ற சிறு கார்கள் பெருகிய பிறகே இந்தப் பிளாஸ்டிக் பம்பர் நம் தெருவெங்கும் தென்படலாயிற்று.

என் அண்ணன் கார் கழுவி மெருகேற்றும் பட்டறையொன்றில் வேலை செய்கிறார். விடுமுறை நாட்களில் நானும் துணைக்குப் போவதுண்டு. "சாயம் போச்சு தம்பி, திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. சாயம் போகவில்லை என்பதுதான் வேடிக்கை!

பம்பரின் கறுப்பு மேலே பூசியதன்று. அகல் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்து நம் பாட்டிமார் மை எடுப்பார்களே, அந்தக் கரியின் உறவான நுண்ணிய கரித்தூளைப் பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்க்கிறார்கள். சுரண்டிப் பார்த்தால் உள்ளேயும் கறுப்புத்தான். கரி வெயிலில் வெளுக்கும் பொருளன்று. கெடுவது அதைத் தாங்கி நிற்கும் பாலிபுரோப்பிலீன். அதன் நீண்ட சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்று மூவிணைய கார்பன். அதனோடு பிணைந்த ஹைட்ரஜன் எளிதில் பிரியக்கூடியது. சூரியனின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூட்டுச் சேர்ந்து அங்கேதான் கைவைக்கின்றன. சங்கிலி அறுந்து, வறண்ட ஏரியின் களிமண்போல மேற்பரப்பு வெடிக்கிறது. அந்த நுண்வெடிப்புகளில் காற்று நிற்கிறது. விழும் ஒளி நாற்புறமும் சிதறி, நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளைத்தூள் ஆகிறதல்லவா? அதே கதைதான் இங்கும்.

இப்போது எண்ணெயின் மாயத்துக்கு வருவோம். காற்றின் ஒளிவிலகல் எண் 1. பாலிபுரோப்பிலீனுக்கு ஏறத்தாழ 1.49, தேங்காயெண்ணெய்க்கு 1.45. வெடிப்பிலிருந்த காற்று வெளியேறி எண்ணெய் புகுந்ததும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைந்துவிடுகிறது, ஒளி சிதறுவதில்லை, மறைந்திருந்த கறுப்பு வெளிப்படுகிறது. எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் சிலை கருகருவென்று ஒளிர்வதும், நனைந்த அம்மி கறுத்துத் தோன்றுவதும் இதே கணக்கில்தான். கடைகளில் விற்கும் சிலிக்கோன் எண்ணெயும் இதைத்தான் செய்கிறது. சற்றுக் கூடுதல் நாள் நிற்கும், அவ்வளவே.

இந்த மாயத்தை நம்பித்தான் சில பழைய கார்த் தரகர்கள் பிழைக்கிறார்கள். வாங்குகிறவர் வருவதற்கு அரை மணி முன்பு டீசல் துணியால் ஒரு துடைப்பு. கார் ஐந்து வயது குறைந்துவிடும். கடன் வாங்கி முதல் கார் எடுக்கும் ஓட்டுநர் அதைக் கண்டு, "நிழலில் நின்ற வண்டி" என்று மகிழ்ந்து கூடுதல் விலை பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மழை பெய்தால் தெரிந்துவிடும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். டீசல் அதோடு விடுவதுமில்லை. கதவோர ரப்பரை ஊதவைத்துத் தளர்த்துகிறது. கார் பார்க்கப் போகும் நண்பர்கள் ஒரு வெள்ளைக் கைக்குட்டை எடுத்துப் போகலாம். பம்பரை அழுத்தித் துடைத்து, துணியை மோந்து பார்த்தால் போதும்.

அனலூதும் ஹீட் கன் கொண்டு செய்யும் முறை மேலானதா? மேலானதே. பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே உருகும். நன்றாகக் கழுவி உலர்த்திய பம்பரின்மேல் அனலை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போனால், மேல்தோல் மட்டும் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். வெண்மை கண்ணெதிரே ஓடி ஒளிவதைப் பார்ப்பது ஓர் இன்பம்! ஒரு நொடி தயங்கினால் போயிற்று. பிளாஸ்டிக் வழிந்து, மேலுள்ள சொரசொரப்பு அழிந்து, தழும்பு நின்றுவிடும். அண்ணன் மணிக்கட்டை வைத்திருக்கும் விதம் எனக்கு இன்னும் வரவில்லை. எனினும் அனல் அறுந்த சங்கிலியை ஒட்டவைப்பதில்லை. வெயிலைத் தாங்கச் சேர்த்திருந்து தீர்ந்துபோன மருந்தையும் மீட்பதில்லை. ஆகவே மறுபடி வெளுக்கும். அனல்பட்ட பிறகு, இறுகிப் படலமாகும் பூச்சு ஒன்றைத் தடவினால் பல மாதம் நிற்கும். நிழலில் நிறுத்துவது எல்லாவற்றினும் நல்லது. வேப்பமரத்தடி என்று சொல்லலாம். காக்கைகளுக்கு யார் சொல்வது?

இருக்கை உறையின் கதை வேறு. நாம் ரெக்சின் என்கிறோம். அது முன்னாளில் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணியின் வணிகப் பெயர்; பொருள் மாறியும் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய உறை பி.வி.சி. தண்ணீர்க் குழாய்போல் விறைப்பான அந்தப் பொருள் துணிபோல் மடிவது, அதில் சேர்க்கும் இளக்கி எண்ணெயால். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காரில் அந்த இளக்கி மெல்ல வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மங்கலில் அதற்கும் பங்குண்டு. இளக்கி போனால் உறை விறைத்து வெடிக்கும். எந்த மெருகும் அதை உள்ளே திருப்பி அனுப்பாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாலோ எஞ்சியிருப்பதையும் உருவிவிடும். மென்மையான சோப்புநீரும் ஈரத்துணியும் போதும்.

மண்ணெண்ணெய் ஆளைப் பார்ப்பதில்லை. உறையின் இளக்கியை உருவுவதுபோலவே தோலின் எண்ணெயையும் உருவும். அண்ணனின் விரல் நுனிகள் ஏன் வெளுத்து வெடித்திருக்கின்றன என்பது, வகுப்பில் கரைப்பான்களைப் பற்றிய பாடம் நடந்த அன்றுதான் எனக்கு விளங்கிற்று. மறுவாரமே நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

"இதப் போட்டா துணி எங்க வழுக்குது, எங்க பிடிக்குதுன்னு தெரியாதுடா" என்றார்.

"மெருகு போடும்போது வேணாண்ணே, மண்ணெண்ணெயத் தொடும்போது மட்டும் போட்டுக்குங்க" என்றேன்.

இப்போது அப்படித்தான் செய்கிறார். பட்டறையில் மற்ற மூவரும் இன்னும் வெறுங்கையோடு இருக்கிறார்கள்.