கிறவல் ரோட்டில் சும்மா ஒரு சைக்கிள்

கிறவல் பைக் என்று ஒரு சைக்கிள் வகை இருப்பது எனக்கு யூடியூப் பார்த்துத்தான் தெரியும். இங்கிலாந்தின் தெற்கே வின்செஸ்டர் என்ற ஊரில் தொடங்கி, ஸ்டோன்ஹெஞ்சைத் தொட்டுச் சுற்றி, திரும்பவும் வின்செஸ்டருக்கே வந்து சேரும் 350 கிலோமீற்றர் பாதை ஒன்று. 'கிங் அல்பிரட்ஸ் வே' என்று பெயர், 2020இல் அறிவித்தார்கள். வீடியோவில் ரெண்டு பேர் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லுப் பாதையில் சிரிச்சுக் கதைச்சபடி உழக்கிக்கொண்டு போகினம். பின்னால் நிண்டு பார்த்த தம்பி கேட்டான்: "அக்கா, கிறவல் ரோட்டில ஓடுறதுக்கு இவைக்கு ஏன் தனிச் சைக்கிள்?"

நியாயமான கேள்விதான். எங்கட வீட்டிலிருந்து தார் ரோட்டைக் காண ரெண்டு கிலோமீற்றர் செங்கிறவலில் ஓட வேணும். பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், சங்கக்கடை எல்லாத்துக்கும் அதே ரோட்டு. யாரும் இதை விளையாட்டு என்று சொன்னதில்லை.

பிறகு தேடி வாசித்ததில் ஒரு விசயம் பிடிபட்டது. ரேஸ் சைக்கிளின் ரயர் ஒல்லி, 25, 28 மில்லிமீற்றர்தான். கல்லில், மண்ணில் அது வழுக்கும். கிறவல் பைக்கின் விசேஷம் 40 மில்லிமீற்றரளவு அகலமான ரயர். காற்றையும் கொஞ்சம் இளக்கமாக அடிப்பார்கள், கல்லின் குத்தை ரயரே வாங்கிக்கொள்ளும். கொட்டிலுக்குள் போய் அப்பாவின் பழைய லுமாலாவின் ரயரைத் துடைத்துப் பார்த்தேன். 28 × 1½. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீற்றர்! எங்கட அப்பப்பாமாரின் றலியும் இதே அளவு ரயரில்தான் ஓடினது. வெள்ளைக்காரன் தன்ர பழைய சைக்கிளைக் கைவிட்டு, மெல்லிசாக்கி, வேகமாக்கி, பிறகு களைச்சு அதே அகலத்துக்குத் திரும்பி வந்திருக்கிறான். கியரும் டிஸ்க் பிறேக்கும் அவனிட்ட இருக்கு, எங்களிட்ட இல்லை என்பதையும் சொல்ல வேணும். லுமாலாவின் பாரம் அவன்ர சைக்கிளைப்போல ரெண்டு மடங்கு வரும். எதிர்காத்தில் உழக்கிப் பார்த்தால் தெரியும்.

காத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து ஓட்டத்தைப் பற்றி எழுத ஏலாது. பரந்தனிலிருந்து ஏ9 வழியே உமையாள்புரம் தாண்டி ஆனையிறவுக்கு ஏறினால் ரெண்டு பக்கமும் மரமில்லாத வெளி. ஆடி, ஆவணியில் சோளகம் இடப்பக்கத்தால் அடித்து உங்களை பஸ் வாற பக்கமாகத் தள்ளும். உப்புக்காத்தில் உதடு வெடிக்கும். தெற்கிலிருந்து வாற சுற்றுலா பஸ்கள் நினைவுத் தூபியடியில் பத்து நிமிசம் நிண்டு, படம் எடுத்து, யாழ்ப்பாணம் போய்விடும். பக்கத்து ரோட்டுக்குள் ஒருத்தரும் திரும்புறேல்லை.

திரும்பினால்தான் விசயம் இருக்கு. எனக்குப் பிடிச்சது வட்டக்கச்சிப் பக்கத்து வாய்க்கால் கரை. இரணைமடுத் தண்ணி ஒரு பக்கம், வயல் மறுபக்கம், மேலே மருத மர நிழல். கிறவல் நல்லாய் இறுகி, ரயர் ஒரே சீராக 'கொறகொற' என்று கதைக்கும். அங்கிருந்து முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று போகலாம். டிப்பர் ஓடுற ரோட்டென்றால் கதை வேறை: குறுக்கே அலையலையாக வரம்பு விழுந்திருக்கும், பல்லு ஆடும், புழுதியில் தலைமயிர் செம்பட்டையாகும். மாரியில் அதே ரோட்டு களியாகி மட்காட்டுக்குள் அடைஞ்சு சில்லு சுத்தாது. இயக்கச்சியால் கட்டைக்காட்டுப் பக்கம் போனால் பனையும் பத்தையும், கடலை நெருங்க நெருங்க மணல். அங்கே இறங்கி உருட்டத்தான் வேணும். கார்த்திகை பிறந்தால் சுண்டிக்குளம் பக்கம் பூநாரை வரும். தூர நின்று பார்க்க வேணும், சைக்கிள் மணி அடிச்சால் போய்விடும்.

அந்த இங்கிலாந்து வீடியோவில் எனக்குப் பொறாமையாக இருந்தது சைக்கிளில் இல்லை. ஒரு இடத்தில் அவர்கள் யாரோ ஒரு விவசாயியின் காணிப் படலையைத் தாங்களே திறந்து, உள்ளே போய், திருப்பிச் சாத்திவிட்டுப் போனார்கள். யாரும் கேட்கவில்லை. குதிரையில் போவோருக்கென்று சட்டம் காப்பாற்றி வைத்திருக்கிற பழைய பாதைகள் அவை. 1968ஆம் ஆண்டின் சட்டமொன்று அவற்றில் சைக்கிளும் போகலாம் என்றது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேணும், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பாதை தெரிவு செய்யப் பழக்கினது வேறை பாடம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நில், வந்த தடத்திலேயே திரும்பு. பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள். 2002 சமாதான காலத்திலிருந்து இங்கே கண்ணிவெடி அகற்றுகிறார்கள். பளைக்கு அங்கால் முகமாலை வெளியில் ஊர்ப் பெண்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகிறார்கள். 2017இல் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் முடிக்க வேணும். அந்த அக்காமார் துப்புரவாக்கின ஒரு முழத்தில்தான் எனக்கும் என் சைக்கிளுக்கும் வழி.

அம்மாவுக்கு இந்த ஓட்டம் பிடிக்காது. பயம் என்று சொல்ல மாட்டா. "வெயிலுக்க என்ன விசர் வேலை" என்பா. தொண்ணூறுகளில் பெற்றோலும் பற்றரியும் தடையாக இருந்தபோது வன்னி முழுக்கச் சைக்கிளில்தான் ஓடினது. டைனமோவைச் சுத்தி ரேடியோச் செய்தி கேட்டதெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா. 2009க்கு வந்தால் கதை கட்டையாகிவிடும். ஏ35 வழியே தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. எனக்கு அப்ப அஞ்சு வயசு. கரியரில் அரிசி மூட்டை, பாரில் நான், ஹாண்டிலில் கேத்திலும் சட்டியும். "அப்பா அதில ஒரு நாளும் ஏறி ஓடேல்லை பிள்ளை, உருட்டினவர்" என்றா ஒருமுறை. அந்தச் சைக்கிள் வட்டுவாகலுக்கு இங்கால் எங்கேயோ நின்றுவிட்டது. கொட்டிலில் நிற்கிற லுமாலா பிறகு வாங்கினது. சைக்கிளில் மூட்டை கட்டிப் பல நாள் ஓடுறதை அங்கே 'பைக்பக்கிங்' என்று சொல்லுகினம். அந்த வீடியோக்களை அம்மாவுக்கு நான் காட்டுறேல்லை.

எங்கட பக்கம் சைக்கிள் என்றால் ஒரு காரியத்துக்குப் போறது. காரியமில்லாமல் ஒரு பொம்பிளைப்பிள்ளை துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, போத்தல் தண்ணியோடு வெளிக்கிட்டால் ரோட்டு முழுக்கக் கேள்விதான். கடையடியில் "எங்க போறாய்?" காவலரணில் "கொஹெத யன்னே?" ரெண்டுக்கும் என்னிடம் ஒரே பதில் 'சும்மா'தான். அதை ஒருத்தரும் பதிலாக எடுக்கிறேல்லை. புத்தகக் கொப்பி ஒன்றைக் கரியரில் வைத்துக்கொண்டு போ, வகுப்புக்கு என்று சொல்லலாம் என்றாள் ஒரு சிநேகிதி. நான் வைக்கவில்லை. ஒரு ரோட்டில் காரணம் சொல்லாமல் போகக் கிடைக்கிறதுதான் அது என்ர ரோட்டு என்பதற்கு அடையாளம். பொய்க் கொப்பி வைத்தால் அதை நானே விட்டுக்கொடுத்த மாதிரி.

போன ஆவணியில் தட்டுவன்கொட்டிப் பக்கம் போனேன். கடனீரேரி வத்தி, கரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதில் ஓடினால் ரயர் தடம் ஒரு கோடாக விழும், மேலோடு உடையிற சத்தம் அப்பளம் நொருங்கிற மாதிரி. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க பிள்ளை போறாய்?"

"சும்மா அப்பு."

கொஞ்ச நேரம் சைக்கிளைப் பார்த்தார், ரயரைப் பார்த்தார். "சும்மா எண்டால் இந்தக் கரையால போ. அங்கால சேறு, புதையும்" என்றுவிட்டு வலைக்குத் திரும்பினார்.