நாலந்தாவில் ஒரு விண்ணப்பப் படிவம்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது நாலந்தாவில் இறங்கினேன். ஏ-9 வீதியில் தம்புள்ளையைக் கடந்து, நாவுலையையும் தாண்டினால் வருகின்ற சிறிய இடம். பிரதான வீதியிலிருந்து உள்ளே நடந்தால், நீர்த்தேக்கத்தின் கரையில் கெடிகே எனப்படும் பழைய கற்கோயில் நிற்கிறது. பல்லவர் பாணியில் அமைந்த கட்டடம். எட்டாம் நூற்றாண்டு என்பாரும் உளர், பத்தாம் நூற்றாண்டு என்பாரும் உளர். பௌத்த வழிபாட்டிடமாகவே அறியப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சிவன் கோயில் போலத்தான் தெரியும். மகாவலித் திட்டத்தின் கீழ் போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது கோயில் நின்ற பழைய நிலம் நீருக்குள் போகவிருந்தது. ஆகவே 1970களில் ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கினார்கள்.

நான் கோயில் பார்க்க இறங்கவில்லை. ஒரு பெண் என்னைச் சந்திக்க வேண்டுமென்று மூன்று தடவை கடிதம் எழுதியிருந்தாள். வெளிநாட்டு விவகாரங்கள் குறித்து நான் எழுதுவனவற்றைத் தொடர்ந்து வாசிப்பவள். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் அரசறிவியல் படித்து, இப்போது நாவுலைப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறாள். வயது இருபத்தாறு. கெடிகேயின் வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள், அப்படியே நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் பழைய வர்த்தமானி அறிவித்தலொன்றின் போட்டோப் பிரதி.

"சேர், நம்ம பிள்ளைங்க இந்தப் பரீட்சைக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

இலங்கை வெளிநாட்டுச் சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கான அறிவித்தல் அது. போகலாம் என்று சொல்லிவிடுவது எளிது. சட்டத்தில் தடை எதுவும் இல்லை. இலங்கைப் பிரஜையாகவும் பட்டதாரியாகவும் வயதெல்லைக்கு உட்பட்டும் இருந்தால் போதும், தமிழிலும் எழுதலாம். ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதம் என்னை உடனே பதில் சொல்லவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே கேள்வியை நான் யாரிடமும் கேட்காமலே விட்டிருந்தேன்.

முதலில் அந்தச் சேவையைப் பற்றிச் சில வார்த்தைகள். சுதந்திரம் கிடைத்த காலத்தில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் ஒரே அமைச்சாகப் பிரதமரின் கையில் இருந்தன. அதன் முதலாவது நிரந்தரச் செயலாளர் ஒரு தமிழர்: சேர் கந்தையா வைத்தியநாதன். மன்னாரில் திருக்கேதீச்சரக் கோயிலை மீண்டும் எழுப்பப் பாடுபட்டவர் என்றே இன்று அவரைப் பலருக்குத் தெரியும். 1949இல் இலங்கை வெளிநாட்டுச் சேவை உருவானது. போட்டிப் பரீட்சை மூலம் இளைஞர்களை எடுத்தார்கள். ஆரம்ப கால உத்தியோகத்தர்களில் யோகேந்திரா துரைசுவாமியும் ஒருவர். பிற்காலத்தில், நூலகம் எரிந்த 1981ஆம் ஆண்டில், யாழ்ப்பாண அரசாங்க அதிபராக இருந்தவர் அவர்தான். 1958இல் மானெல் அபேசேகர முதலாவது பெண்ணாக உள்ளே வந்தார். 1965இல் சேர்ந்த ஜயந்த தனபால, பேராதனையில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1995இல் அணு ஆயுதப் பரவல் தடுப்பு உடன்படிக்கையின் மீளாய்வு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். கலைப்பட்டதாரிகளைக் கேலி செய்பவர்களிடம் நான் எப்போதும் எடுத்துச் சொல்கிற பெயர் அது. நமது தொழிலிலிருந்தும் ஒருவர் இராஜதந்திரியானார் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் பத்திரிகை ஆசிரியராக இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து, பிற்பாடு இலங்கையின் பிரதிநிதியாகச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பணியாற்றினார். பத்திரிகைக்காரருக்கும் மோட்சம் உண்டு போலும்.

வெளிவிவகாரத்துக்கெனத் தனி அமைச்சர் வந்தது 1977இல்தான். ஏ.சீ.எஸ். ஹமீத், நாலந்தாவிலிருந்து இதே ஏ-9 வீதியில் தெற்கே போனால் மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் வருகின்ற அக்குறணைப் பகுதியைச் சேர்ந்தவர். அவளுக்கு இது தெரிந்திருந்தது. "அக்குறணையிலருந்து போயிருக்காங்க, தோட்டத்திலருந்து போனவங்க யாரு சேர்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வேறு விதமாகச் சொன்னேன். நமது ஆட்கள் அந்த அமைச்சுக்குள் ஆரம்பத்திலேயே போய்விட்டார்கள். ஆனால் உத்தியோகத்தர்களாக அல்ல, கோப்புகளாக.

மலையக வாசகர்களுக்கு இது தெரிந்த கதை. ஏனையோருக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். 1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வெளிநாட்டுச் சேவை உருவான அதே 1949இல், இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கு. எஞ்சியவர்கள் இரு அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தைப் பொருளானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்கு 75,000 எனப் பங்கிட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தைக்கான குறிப்புகளைத் தயாரித்தவர்கள் தகுதி வாய்ந்த, நன்கு படித்த உத்தியோகத்தர்கள்தான். மேசையின் இரு பக்கத்திலும் இருந்தவர்களில், லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரும் இருந்ததாக நான் அறிந்ததில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பங்கீடு இப்படி முடிந்தது: பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போயிற்று, அப்பா இங்கே தங்கினார். எழுபதுகளின் பிற்பகுதியில் அப்பாவுக்குப் பதிவுப் பிரஜைச் சான்றிதழ் கிடைத்தது. அதில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். நான் மூன்றாவது. அதை நான்காக மடித்து, ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, அந்தத் தகரத்தைத் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். 1983 ஜூலையில் மாத்தளை எரிந்த இரவில் அம்மா எங்களைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினாள். அப்பா தூக்கிக்கொண்டு ஓடியது அந்தத் தகரத்தை.

நான் பட்டம் பெற்று வெளியேறியது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். அக்காலத்தில் இந்தப் பரீட்சைக்கான அறிவித்தலைப் பார்த்தேன். படிவத்தையும் நிரப்பத் தொடங்கினேன். அரச படிவங்களில் ஒரு வினா இருக்கும்: இலங்கைப் பிரஜையாயின் பரம்பரையாலா, பதிவாலா? பதிவாலெனின் சான்றிதழின் இலக்கமும் திகதியும். அந்த இலக்கம் தகரத்துக்குள் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "அத வெளிய எடுத்தா திரும்பி வராதுடா" என்றார். மாத்தளை நகரில் போட்டோப் பிரதி எடுத்துவிட்டு அன்றே கொண்டுவருகிறேன் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நெடுங்காலமாக இந்தக் கதையை நான் நண்பர்களிடம் இத்துடனேயே நிறுத்திவிடுவது வழக்கம். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் அது முழு உண்மையல்ல. இலக்கத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளவா என்று கேட்டிருந்தால் அப்பா பெட்டியைத் திறந்திருப்பார் என்றே இப்போது நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. ஆங்கில வினாத்தாளை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்டியிலும் கொழும்பிலும் பெரிய கல்லூரிகளில் படித்துவிட்டு வந்தவர்களோடு நேர்முகப் பரீட்சையில் உட்கார வேண்டுமே என்ற நடுக்கம் வேறு. அப்பாவின் மௌனம் எனக்கு வசதியாகப் போயிற்று. படிவம் கடைசித் திகதியைத் தாண்டிக் கிடந்தது. சில மாதங்களில் ஒரு பத்திரிகையில் சேர்ந்தேன். வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலை. தூதுவர்களைப் பற்றி எழுதியே தலை நரைத்துவிட்டது.

இதை அவளிடம் சொன்னேனா? சொன்னேன். கெடிகேயின் கல்லில் உட்கார்ந்திருந்தோம், வெயில் ஏறிவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தான் ஏன் இதற்குப் போக விரும்புகிறாள் என்று சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய சித்தி மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். எட்டு மாதச் சம்பளம் தரவில்லை, வெளியே விடவுமில்லை. எப்படியோ ஒரு தொலைபேசி கிடைத்தபோது அங்குள்ள நமது தூதரகமொன்றுக்கு அழைத்திருக்கிறார். எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. சித்திக்குச் சிங்களம் கடைவீதி அளவுக்குத்தான். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி வேறு யாரையோ தேடப் போயிருக்கிறார்கள்; அதற்குள் தொலைபேசியில் காசு முடிந்துவிட்டது. பிறகு ஓராண்டு கழித்துத்தான் சித்தி வந்து சேர்ந்தார். சம்பளம் வரவேயில்லை. "அன்னைக்கு அந்தப் போன எடுத்தது நானா இருந்திருந்தா சேர்..." என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

தூதுவர் பதவி, கொடி பறக்கும் கார், மாலை விருந்து என்றே இந்தச் சேவையை நம்மவர்கள் கற்பனை செய்கிறார்கள். நானும் அப்படித்தான் கற்பனை செய்தேன். உள்ளே போகிறவர் ஆரம்பிப்பது மூன்றாம் தரத்தில். தகுதிகாண் காலம், பயிற்சி, வினைத்திறன் தடைப் பரீட்சைகள், மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி. பயிற்சிக்கென 1995இல் ஆரம்பிக்கப்பட்ட பண்டாரநாயக்க நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. கோட்டையில் பழைய செனட் கூடிய குடியரசுக் கட்டடத்தில் சில ஆண்டுகள் கோப்புப் பார்த்த பிறகுதான் முதல் வெளிநாட்டு நியமனம் வரும். மூன்றாம் செயலாளர், இரண்டாம் செயலாளர், முதற் செயலாளர், ஆலோசகர் என்று ஏணி மெல்ல ஏறும். சில ஆண்டுகளுக்கொரு முறை பெட்டி கட்ட வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொரு நாட்டிலும் புதிய பள்ளிக்கூடம் தேட வேண்டும். உச்சிக்கு வரும்போது அந்தத் தூதுவர் நாற்காலியில் ஓர் ஓய்வுபெற்ற தளபதியோ அமைச்சரின் உறவினரோ அமர்ந்திருக்கக்கூடும். அரசியல் நியமனம் என்பது எல்லா அரசாங்கங்களும் கண்டித்து, எல்லா அரசாங்கங்களும் செய்த காரியம். நாட்டின் கஜானா வற்றினால் தூதரகமே மூடப்படும். 2021 முடிவில் டொலர் தட்டுப்பாட்டால் அபுஜா, பிராங்க்பர்ட், நிக்கோசியா ஆகிய மூன்று அலுவலகங்களை மூடினார்கள்.

இவற்றையெல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவளுடைய முகத்தில் ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை. இளநிலை உத்தியோகத்தருக்குத் தூதரகங்களில் என்ன வேலை என்று மட்டும் கேட்டாள். கொன்சியூலர் பிரிவு என்றேன்: தொலைந்த கடவுச்சீட்டு, சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்த்தல், சம்பளத் தகராறு, இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவதற்கான தாள்கள். உடலை அனுப்பும் தாள்களில் ஊர்ப்பெயர் சரியாக இருக்க வேண்டும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தத் தபாற்கந்தோர். இந்தப் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவருக்கு அவை எழுதாமலே தெரியும் என்றாள். நான் யோசித்திராத விஷயம் அது.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்றுத் தொலைவில் செல்லும் வீதியின் பழைய தடத்தில்தான் எங்கள் இருவருடைய முன்னோரும் வந்தார்கள். கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளைக்கு வந்து, நாலந்தாவைக் கடந்து மாத்தளைக்கு நடந்தவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று எந்தப் பதிவேட்டிலும் சரியாக இல்லை.

எழுந்தபோது படிவத்தை விரித்து, ஒரு வினாவை விரலால் காட்டினாள். "இதுல பரம்பரைன்னுதானே போடணும் சேர்?" பிரஜாவுரிமை பற்றிய அதே வினா. அவள் பிறப்பதற்கு முன்பே அவளுடைய அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டிருந்தது. ஆகவே பரம்பரைதான். "ஆமாம்" என்றேன். பேனாவை எடுத்து அந்தப் பிரதியில் அடையாளமிட்டாள். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

அடுத்த அறிவித்தல் எப்போது வருமோ. ஆண்டுதோறும் நடக்கிற பரீட்சையல்ல இது. அதுவரை வாரம் ஓர் ஆங்கிலச் சுருக்கம் எழுதி எனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. முதலாவது சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. இந்து சமுத்திரக் கப்பல் பாதைகள் பற்றிய ஆசிரியத் தலையங்கமொன்றை மூன்றிலொரு பங்காகச் சுருக்கியிருந்தாள். இறந்தகாலத்தில் பதினொரு பிழைகள். விஷயத்தில் பிழையில்லை. சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இரண்டாவதுக்காகக் காத்திருக்கிறேன்.